பதினேழாவது ஆள்

முப்பத்திரண்டு வருஷம் கரண்டோடு குடித்தனம் நடத்திய மனுஷனை ஒரு சதவீதக் குறி சாய்த்துவிட்டது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சிரிப்பார்கள். ஆனால் நடந்தது அதுதான்.

தெருவில் எல்லோருக்கும் அவர் ஒயர்மேன். அவர் மனைவி விசைத்தறிக் கூடத்தில் இருபத்தாறு வருஷம் நின்றவள். தறிச் சத்தம் அவளுடைய இரண்டு காதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. ஒரே மகள். பள்ளிக்கூடத்துப் பெயர் பெரிதாக ஒன்று இருந்தாலும் வீட்டில் பாப்பாதான், இருபத்தொன்பது வயதிலும் பாப்பாதான். பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தாள். தறிக்கூடத்து இரைச்சல் அங்கே வேலை செய்யும் பெண்களின் காதை என்ன பாடு படுத்துகிறது என்பதுதான் விஷயம். அம்மாவைச் சாப்பிடக் கூப்பிடவே தொண்டை கிழியக் கத்த வேண்டிய வீட்டில் வளர்ந்தவள் வேறு எதைப் பற்றி ஆராய்ச்சி செய்வாள்?

ஆய்வேட்டை எழுதி முடிக்கிற நேரத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடிவிட்டாள். அதை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆராய்ச்சியை முடித்துவிட்டு இறந்துபோன மாணவருக்கும் பட்டம் தர விதியில் இடம் இருக்கிறதாம். ஆறு மாதத்துக்குள் ஆய்வேட்டை உரிய வடிவத்தில் கொடுக்க வேண்டுமாம். ஒயர்மேன் அதை நாலு தடவை படித்தார். பிறகு மனைவியின் காதோரம் போய்க் கத்தினார்.

"பாப்பாவுக்குப் பட்டம் குடுப்பாங்களாம். பேருக்கு முன்னாடி டாக்டர்னு போடுவாங்களாம்."

மகள் போன நாளிலிருந்து சரியாக வாய் திறக்காதவள் அன்றைக்குத்தான் கேட்டாள். "புஸ்தகமா வருமா?"

"வரும்."

"அதுல நானும் இருக்கேன். பதினேழாவது ஆளு நான்தான்னு பாப்பா சொன்னா."

ஒயர்மேன் தலையை ஆட்டினார். பெற்றவள் ஏதோ ஆசையில் சொல்கிறாள் என்று நினைத்தார். அது என்ன பதினேழு, எந்தப் பக்கத்தில் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கேட்பதென்றால் கத்த வேண்டும். பதினைந்து வருஷமாக அந்த வீட்டில் கத்துவதற்குச் சோம்பல்பட்டே பாதிப் பேச்சு பேசாமல் போயிருக்கிறது.

உரிய வடிவம் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை சாதுவாக உட்கார்ந்திருந்ததே, அதுதான் ஆளைப் போட்டுப் பார்த்தது. மகளுடைய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு டைப்பிங் கடைக்குப் போனார். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "இது வேர்டு இல்லீங்க. லேடெக். குறி போட்டு எழுதற சமாச்சாரம். நமக்கு ஆகாது." அடுத்து மகளுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியரிடம் போனார். கைடு நாற்காலியை விட்டு எழுந்து வந்து தோளைத் தொட்டார். எல்லாம் மரியாதையாகத்தான். "எனக்கு மூச்சு விட நேரமில்லைங்க. யாரையாவது வச்சு புது வடிவத்துக்கு மாத்திட்டு வாங்க. கையெழுத்துப் போட்டுத் தரேன்."

கடைசியில் மகளோடு ஆய்வுக்கூடத்தில் கூடப் படித்த பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். அவளுக்கும் அதே கைடுதான். ஜன்னலோர மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துச் சொல்லிக் கொடுத்தாள்.

"அங்கிள், இதுல பக்கம் பார்க்க எப்படி இருக்கணும்னு நீங்க கவலைப்பட வேண்டாம். எது தலைப்பு, எது பத்தி, எது அட்டவணைன்னு குறி போட்டுச் சொன்னா போதும். அடுக்கறது, நம்பர் போடறது, பொருளடக்கம் தயார் பண்றது எல்லாம் அதுவே பார்த்துக்கும். இந்தச் சாய்ஞ்ச கோட்டுல ஆரம்பிச்சா கட்டளை. இந்த நெளிஞ்ச அடைப்புக்குறி திறந்தா மூடியே ஆகணும். எழுதிட்டு இந்தப் பொத்தானை அமுக்கினா புஸ்தகப் பக்கம் வரும்."

"தப்பா எழுதினா?"

"திட்டும். எத்தனாவது வரியில தப்புன்னு சொல்லும்."

"இந்த சதவீதக் குறி எதுக்கு அங்கங்க நிக்குது?"

"அதைப் போட்டா அந்த வரியில அதுக்கு அப்புறம் இருக்கறது அச்சுல வராது. இங்க இருக்கும், ஆனா அங்க வராது."

"டேப் சுத்தி விட்ட ஒயர் மாதிரி."

"அப்படித்தான் அங்கிள்." அவள் முதல் கோப்பைத் திறந்து காட்டினாள். "முதல் கோப்புல பேரு, தேதி, முன்பக்கம் இதெல்லாம் மட்டும் மாத்துங்க. மத்ததைத் தொடாதீங்க."

"ஏம்மா?"

"சும்மாதான்" என்றாள். எதையோ மென்று முழுங்கினாள் என்பது அவருக்குத் தெரிந்தது. செத்துப்போன தோழியின் எழுத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், துக்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டார். அவளுடைய ஆய்வேடும் கைடின் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது. அதைச் சொல்லாமல் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து ஒயர்மேன் வேலைக்குக் கிளம்புமுன் காலையில் ஒன்றரை மணி நேரம் அந்த மேஜையில் உட்கார்ந்தார். பல்கலைக்கழகம் கொடுத்த புது வடிவத்துக்குள் மகளின் எழுத்தைக் கொண்டுவந்து முதல் தடவை பொத்தானை அமுக்கியபோது நூற்றுப் பதினாலு தப்பு வந்தது. ஒரு வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிய பிறகு பிடிபட்டது: கணினி கடைசி வரியில் தப்பு என்று அலறினால் தப்பு கடைசி வரியில் இருக்காது. எங்கேயோ முப்பது பக்கம் முன்னால் ஓர் அடைப்புக்குறி மூடாமல் கிடக்கும். இது அவருக்குப் பழக்கப்பட்ட விவகாரம். மெயின் சுவிட்ச் விழும் இடம் ஒன்று, கசிவு இருக்கும் இடம் இன்னொன்று. அதற்கப்புறம் மனுஷன் சூடு பிடித்துக்கொண்டார். நூற்றுப் பதினாலு அறுபதாயிற்று, அறுபது ஒன்பதாயிற்று. மனைவி டீ டம்ளரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒன்றும் கேட்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பாப்பாவின் படிப்பு அந்த வீட்டில் அப்படித்தான் நடந்தது, இப்போது நாற்காலியில் ஆள் மட்டும் மாறியிருந்தது.

அஞ்சாவது வாரம் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அச்சுப் பக்கத்தில் ஏழு இடத்தில் தடித்த எழுத்தில் இரண்டு கேள்விக்குறி நின்றது. 'அட்டவணை ?? காட்டுவது போல', 'அத்தியாயம் ?? இல் கண்டபடி' என்று. அலுவலகம் கொடுத்த தாளில் பச்சையாகப் போட்டிருந்தது: கேள்விக்குறி இருக்கும் ஆய்வேடு திருப்பி அனுப்பப்படும். கூடப் படித்த பெண்ணுக்கு இரண்டு தடவை போன் செய்தார், எடுக்கவில்லை. தானே தேடினார். முதல் கோப்பில் ஆறு அத்தியாயத்தையும் உள்ளே இழுக்கிற ஆறு வரி இருந்தது. நாலாவது வரியின் தலையில் ஒரு சதவீதக் குறி.

அந்த அத்தியாயத்தைத் திறந்து பார்த்தார். முப்பத்தெட்டுப் பக்கம். நாற்பத்திரண்டு தறிக்காரப் பெண்களுக்குக் காது சோதித்த கணக்கு, வலது காது, இடது காது, வயது, தறியில் நின்ற வருஷம். மற்ற அஞ்சு அத்தியாயமும் இதைச் சுற்றித்தான் எழுதப்பட்டிருக்கிறது என்பது ஒயர்மேனுக்கே விளங்கியது. காய்ச்சலுக்கு முன்னால் எதற்கோ நிறுத்திவிட்டு மறந்திருக்கிறாள், என் பிள்ளை நெருப்பாகக் கொதிக்கிற உடம்போடு எதையெல்லாம் ஞாபகம் வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

முப்பத்திரண்டு வருஷமாகக் கூட வேலை செய்கிறவர்களிடம் அவர் தினம் சொல்லும் ஒரே பாடம் இருந்தது. டேப் சுத்தி விட்டிருக்கிற ஒயரை, ஏன் விட்டிருக்கிறார்கள் என்று தெரியாமல் தொடாதே. யாரோ காரணத்தோடுதான் விட்டிருப்பான். அதே மனுஷன் அன்றைக்குக் காலையில், டீ ஆறுவதற்குள், ஒரு தட்டில் அந்தச் சதவீதக் குறியை எடுத்துவிட்டார். பொத்தானை இரண்டு தடவை அமுக்கினார். ஏழு கேள்விக்குறியும் மறைந்து அந்த இடங்களில் நம்பர் வந்து உட்கார்ந்தது. மகள் போன பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். பெரிய அட்டவணை ஒன்று பக்கத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அத்தியாயத்தின் கோப்பில் எழுத்தைச் சின்னதாக்கிச் சேமித்தார். எல்லாம் கச்சிதமாக அமைந்தது.

கைடு கையெழுத்துப் போட்டார். ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டாமல்தான் போட்டார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்று வாரம் கழித்து அலுவலகத்திலிருந்து வரச் சொன்னார்கள். நீளமான மேஜை. ஒரு பக்கம் பட்டப் பிரிவு அதிகாரி, பக்கத்தில் கைடு. அதிகாரி ஒரு கட்டுத் தாளை எடுத்து வைத்தார். நாலாவது அத்தியாயம் முழுக்க, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, சிவப்பு அடித்திருந்தது.

"ஆய்வேட்டை மத்த கட்டுரைங்களோட ஒப்பிட்டுப் பார்க்கற மென்பொருள் இருக்கு. இந்த அத்தியாயம் கிட்டத்தட்ட முழுசா, வெளிவந்த ஒரு கட்டுரையோட ஒத்துப்போகுது. காப்பி அடிச்சதுன்னு ஆகுது."

"யாரோட கட்டுரை?"

அதிகாரி பக்கவாட்டில் பார்த்தார். கைடின் கட்டுரை. பாப்பா சாவதற்கு எட்டு மாதம் முன்னால் வந்தது. அதில் மூன்று பேர் பெயர் இருந்தது, அவள் பெயர் இல்லை.

ஒயர்மேன் படித்தவர் இல்லையே தவிர மண்டு இல்லை. ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அந்தக் குறி எதற்கு நின்றது, கூடப் படித்த பெண் எதை முழுங்கினாள், எல்லாமே. "அப்போ எம் பொண்ணு செஞ்சதைத்தான் நீங்க உங்க பேருல போட்டுக்கிட்டீங்க" என்றார்.

கைடுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால்கூடத் தேவலை. "எங்க ஆய்வுக்கூடத்துல எல்லாரும் சேர்ந்துதாங்க வேலை செய்யறோம். அவளும் ஒத்தாசை பண்ணினா, இல்லைன்னு சொல்லல. அதனாலதான் அந்த அத்தியாயம் வேண்டாம்னு பேசி நிறுத்தி வச்சோம். அவளே நிறுத்தினதை நீங்க திறந்துட்டீங்க. தெரியாம செஞ்சது, எனக்குப் புரியுது."

"அவதான் எழுதினா. அவ மடிக்கணினியிலேயே இருக்கு."

"தேதி பார்க்கலாமே" என்றார் அதிகாரி. அந்த ஆளிடம் குற்றம் சொல்ல முடியாது, நியாயமாகத்தான் கேட்டார். ஒயர்மேன் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துத் திறந்தார். அத்தியாயத்தின் கோப்பில் கடைசியாகக் கைவைத்த தேதி போன மாதம் என்று காட்டியது. அவர் அட்டவணையைச் சின்னதாக்கிச் சேமித்த தேதி. தன் கையாலேயே மகளின் தேதியை அழித்துவிட்டு, அன்றைக்கு உட்கார்ந்து சிரித்திருக்கிறார்.

"தேதி போட்ட தாள் ஏதாவது? சோதனை பண்ணின மூலப் பதிவு?"

"அதெல்லாம் ஆய்வுக்கூடத்துல இருக்கும்" என்றார் ஒயர்மேன். ஆய்வுக்கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று மேஜையைச் சுற்றி இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

அதிகாரி தாளை ஒழுங்காக அடுக்கினார். "ரெண்டு வழிதாங்க. விசாரணைக்கு அனுப்பினா, இருக்கற ஆதாரத்துக்கு உங்க பொண்ணு பேரு காப்பி அடிச்சவங்க பட்டியல்ல ஏறிடும். பட்டம் கிடையாது. இல்லைன்னா இந்த அத்தியாயத்தை எடுத்துட்டு, இது இவங்க ஆராய்ச்சி இல்லை, தவறுதலா சேர்ந்துடுச்சுன்னு நீங்க ஒரு கடிதம் குடுங்க. மீதி அஞ்சு அத்தியாயத்துக்குப் பட்டம் கிடைச்சிடும். மூணு நாள்ல சொல்லுங்க."

வீட்டுக்கு வந்தவரிடம் மனைவி புருவத்தை உயர்த்திக் கேட்டாள். "ஒரு திருத்தம் இருக்காம்" என்று கையை அசைத்துச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எப்படிச் சொல்வது? அந்த வீட்டுச் சுவர் பக்கத்து வீட்டுக்காரன் தும்மினால் இங்கே கேட்கிற சுவர். நம் பிள்ளையைத் திருடி என்கிறார்கள் என்று அவள் காதில் விழும்படி சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. எழுதிக் காட்டியிருக்கலாம். அதற்கும் அவருக்குக் கை வரவில்லை. ஒரு சின்னத் தாளில் அதை எழுதிப் பார்க்கத் தைரியம் இல்லாத மனுஷன்தான் மூணாம் நாள் முழுக் கடிதம் எழுதினார்.

கடிதம் எழுதுமுன் அந்தச் சதவீதக் குறியைத் திரும்பப் போட்டார். நாலாவது வரிக்கு முன்னால் வந்து ஒரே ஒரு தட்டு. அவ்வளவு சின்ன வேலை. பொத்தானை அமுக்கியதும் ஏழு கேள்விக்குறியும் பழைய இடத்தில் வந்து நின்றன. இந்தத் தடவை வேறு வழி இல்லை, அந்த ஏழு வாக்கியத்தையும் ஒவ்வொன்றாகப் படித்து அழித்தார். ஏழும் பாப்பா பேசுகிற மாதிரியே இருந்தன. கடைசி வாக்கியத்தை அழிக்கும்போது முகத்தைத் துடைத்துக்கொள்ள எழுந்து போனார், பிறகு வந்து அழித்தார்.

மறுபடி ஓட்டினார். ஒரு தப்பும் இல்லை. அஞ்சாவது அத்தியாயம் தானாக நாலாவது ஆனது, ஆறாவது அஞ்சாவது ஆனது, பொருளடக்கம் தானாகச் சரிசெய்துகொண்டது. நடுவில் முப்பத்தெட்டுப் பக்கம் இருந்தது என்று சொல்ல ஒரு தடயம் இல்லை. சுவரை உடைத்துப் பூசினால்கூட ஒரு கோடு தெரியும், இதில் அதுவும் தெரியவில்லை. அவர் அந்த மென்பொருளைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். அது என்ன செய்யும், அதற்குச் சொன்னதைச் செய்தது.

பட்டம் வந்தது. கூடவே நீல அட்டை போட்டு, தங்க எழுத்தில் பாப்பாவின் முழுப் பெயர் அச்சடித்த புத்தகம் ஒன்றும் வந்தது. பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இல்லை, அதெல்லாம் அட்டையில் போட மாட்டார்களாம். மனைவி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினாள். ஜன்னலோர மேஜையில் வைத்து, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாளாகத் திருப்பினாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரம் ஆகும், எண் நன்றாகத் தெரியும். அட்டவணை வரும் பக்கத்தில் எல்லாம் நிறுத்தி விரலை ஒன்று, இரண்டு என்று மேலிருந்து கீழே இறக்கினாள். ஒயர்மேன் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவளைத் தடுத்திருக்கலாம், நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே முடியவில்லை.

கடைசித் தாள் வரை போய்விட்டு மறுபடி முதலிலிருந்து வந்தாள். இரண்டாம் தடவையும் முடிந்தது.

"என்னைக் காணோமே" என்றாள்.

அவள் எழுந்து அலமாரியில் தன் சேலைகளுக்கு அடியில் கையை விட்டு ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தாள். உள்ளே நாலாக மடித்த ஒரு தாள். விரித்து மேஜையில் வைத்து நீவினாள். சரிந்து இறங்கும் இரண்டு கோடு வரைந்த தாள். மேலே நபர் 17 என்று இருந்தது. வலது காது ஐம்பத்தைந்து டெசிபல், இடது காது அறுபது. ஆய்வுக்கூடத்து முத்திரை. சோதித்தவர் என்ற இடத்தில் பாப்பாவின் கையெழுத்து. பக்கத்தில் தேதி. கைடின் கட்டுரை வருவதற்கு ஒன்றரை வருஷம் முந்தின தேதி.

"அன்னைக்கு என்னைக் கூட்டிட்டுப் போயி காதுல மாட்டி விட்டாளே, அந்தத் தாளு. ஒண்ணு ஆய்வுக்கூடத்துக்கு, ஒண்ணு உனக்குன்னு குடுத்தா. கூட வந்தவங்க எல்லாருக்கும் குடுத்தா. இந்த நம்பர் புஸ்தகத்துல வரும்மா, அப்ப ஒத்துப் பார்த்துக்கோன்னு சொன்னா." அவள் தாளையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "நாந்தான் தப்பா பார்க்கறேனா? எங்க இருக்குன்னு காட்டுங்க."

தேதி போட்ட தாள் ஏதாவது என்று அந்த அதிகாரி கேட்டது ஒயர்மேனின் காதில் அப்படியே இரைந்தது. நாற்பத்திரண்டு வீட்டில் நாற்பத்திரண்டு தாள் இருந்திருக்கிறது. ஒன்று இந்த அலமாரியில், அவர் தினம் சட்டை எடுக்கும் தட்டுக்குப் பக்கத்தில்.

"நான்தான் எடுத்துட்டேன்" என்றார். குரல் வெளியே வரவில்லை.

"என்ன? கேக்கல."

"அந்த அத்தியாயத்தை நான்தான் எடுத்துட்டேன்."

அவள் காதைக் கையால் குவித்துக்கொண்டு கிட்டே வந்து குனிந்தாள். அவர் எழுந்து நின்றார். அதற்கப்புறம் கத்தினார், அவளைச் சாப்பிடக் கூப்பிடும் அதே கத்தலில். அத்தியாயத்தை எடுத்ததை, கைடு அதைத் தன் பெயரில் போட்டுக்கொண்டதை, இது என் மகள் ஆராய்ச்சி இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை, ஒன்று விடாமல். அவள் புரியாத இடத்தில் எல்லாம் திரும்பக் கேட்டாள். அவர் திரும்பக் கத்தினார். பக்கத்து வீட்டில் யாரோ குழாயை மூடினார்கள். தெருவில் நடந்து போன காலடி ஒன்று ஜன்னலுக்கு வெளியே நின்றுவிட்டது.

எல்லாம் முடிந்ததும் அவள் நிமிர்ந்தாள். அவளுக்குத் தன் குரலின் அளவு தெரியாது, எப்போதும் உரக்கத்தான் பேசுவாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா தாளைக் குடுத்திருப்பேனே" என்றாள். "அப்ப பாப்பா திருடினான்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க."

அவர் இல்லை என்று தலையாட்டப் பார்த்தார். முடியவில்லை. அவள் தாளைப் பழைய மடிப்பிலேயே நாலாக மடித்து உறைக்குள் போட்டாள். புத்தகத்தை மூடி அவர் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, உறையை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.